தம்பியின் கணினிக்கு நேர வரம்பு

விருத்தாசலத்தில் பீங்கான் சூளையைச் சூட்டோடு திறக்க மாட்டாங்க. திறந்தால் பொருள் விரிசல் விடும். தம்பி, தங்கையின் கணினி நேரத்தை நிறுத்துவதும் அப்படித்தான்!

விண்டோஸ் 'டாஸ்க் ஷெட்யூலர்' மூலம், இரவு 9 மணிக்குக் கணினி தானாக அணையும்படி செய்யலாம். ஆனால் சேமிக்காத வீட்டுப்பாடமும் சேர்ந்தே போய்விடும். மறுபடி ஆன் செய்தால் விளையாட்டும் தொடரும்.

விண்டோஸ் 10, 11-ல் இதைவிட நல்ல வழி, 'மைக்ரோசாஃப்ட் ஃபேமிலி சேஃப்டி'.

1. செட்டிங்ஸில் 'அக்கவுண்ட்ஸ்', பிறகு 'ஃபேமிலி' சென்று தம்பிக்குத் தனிக் கணக்கு தொடங்குங்கள். 'அட்மினிஸ்ட்ரேட்டர்' உரிமை தர வேண்டாம். உங்கள் கணக்குக்குக் கடவுச்சொல் கட்டாயம்.

2. செல்போனில் செயலியை நிறுவி, 'ஸ்கிரீன் டைம்' பகுதியில் கிழமைவாரியாக நேரம் குறியுங்கள்.

3. நேரம் முடியும் முன் கணினியில் அறிவிப்பு வரும். தம்பி வேலையைச் சேமித்துக்கொள்ளலாம். கூடுதல் நேரம் கேட்டால், கோரிக்கை உங்கள் போனுக்கு வரும்.

எத்தனை மணி நேரம் என்பதை அவனை உட்கார வைத்துப் பேசி முடிவு செய்யுங்கள். சொல்லாமல் நிறுத்தினால், அடுத்த ஆட்டம் நண்பன் வீட்டில்தான்!

விளையாட்டால் தூக்கமும் படிப்பும் கெடுகிறதா? தயங்காதீங்க, 'டெலி மானஸ்' இலவச மனநல உதவி எண் 14416-ஐ 24 மணி நேரமும் அழைக்கலாம்.