விரட்டினால் என்ன காண்போம்?



சென்ற ஜனவரியில் ராஜபாளையத்திலிருந்து குடும்பமாய் தனுஷ்கோடிக்குப் போயிருந்தோம். 1964 டிசம்பர் புயல் அழித்துப்போட்ட ஊர் அது. சாலையோரம் ஆழமில்லாத உப்புத் தண்ணீரில் பூநாரைகள் கூட்டமாய் நின்றன. "அப்பா, பென்குயினா?" என்றான் இளையவன். "அது நம்ம நாட்டுல இல்லடா, தெற்கே ரொம்ப தூரம்" என்றேன்.

பிறகு நான் செய்ததைச் சொல்ல வெட்கப்படுகிறேன். எல்லாம் சேர்ந்து பறந்தால் போட்டோ நன்றாயிருக்குமே என்று, "ஓடிப்போய் விரட்டுடா" என்று மகனை அனுப்பினேன்.

வலை உலர்த்திய பெரியவர் ஒருவர் சத்தம் போட்டார்: "ஏன் தம்பி, எங்கேயிருந்தோ பறந்து வந்து இப்பத்தான் தின்னுது. சாப்பாட்டுல உக்காந்தவங்கள எழுப்பி விடலாமா?"

என் தலை குனிந்தது. மகனைத் திரும்பக் கூப்பிட்டு, அவர் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தோம். அன்று கற்ற பாடங்கள் மூன்று.

1. பூநாரை: இதன் குஞ்சு சாம்பல் நிறமாய்த்தான் பிறக்கிறது. சேற்றைச் சலித்துத் தின்னும் பாசியும் சிறு இறாலும்தான் சில வருஷங்களில் அதைச் சிவப்பாக்குகின்றன. தினமும் உட்கொள்வதே வெளியே தெரிகிறது. நாம் எதை உட்கொள்கிறோம்?

2. ஆலா: நடுக்கடல் மணல்திட்டுகளில் இது முட்டையிடும். கூடு கிடையாது, மணலில் ஒரு சிறு பள்ளம், அவ்வளவுதான். முட்டையும் மணல் நிறம். பார்க்காமல் வைக்கும் ஒரு கால் போதும், ஒரு குடும்பம் அழிந்துபோகும். பிறரைத் துன்பப்படுத்த கெட்ட எண்ணம் வேண்டியதில்லை, கவனமின்மையே போதும்.

3. ஓங்கல்: டால்பினை மீனவர்கள் இப்படித்தான் சொல்கிறார்கள். அது மீன் அல்ல, நம்மைப்போல் நுரையீரலால் சுவாசிப்பது. எவ்வளவு ஆழம் போனாலும் மூச்சுக்கு மேலே வந்தே ஆகவேண்டும். வலையில் சிக்கி மேலே வரமுடியாவிட்டால், கடலிலேயே பிறந்த அது கடலிலேயே மூச்சுமுட்டிச் சாகும். "உசிரோட இருந்தா வலைய அறுத்தாவது விட்டுருவோம்" என்றார் பெரியவர். வலையின் விலை நமக்குத் தெரியும். அவர் அதைப் பெரிதாய்ச் சொல்லவில்லை.

ஒரு மணி நேரம் சும்மா இருந்தோம். பறவைகள் தாமாகவே கிட்ட வந்தன. தூரத்தில் இரண்டு முதுகுகள் எழும்பி மறைந்தன. மகன் மூச்சுவிடாமல் பார்த்தான்.

2025 ஜூனில் அரசாங்கம் தனுஷ்கோடியைப் பூநாரைகளின் சரணாலயமாக அறிவித்தது. நமக்கு அருகே ஸ்ரீவில்லிபுத்தூர் செண்பகத்தோப்பிலும் 1988 முதல் சாம்பல் நிற அணில்களுக்குச் சரணாலயம் உண்டு. அங்கே போய்க் கைதட்டிக் கூச்சல் போடுகிறவர்கள் நம் பிள்ளைகள்தானே? பலகை வைப்பது அரசாங்கத்தின் வேலை. அமைதியாய் உட்காரக் கற்றுக்கொடுப்பது நம் வேலை. நான் பிந்திக் கற்றேன், நீங்கள் முந்திக்கொள்ளுங்கள்.