வன்னி வானத்து விமானங்களை வீட்டிலிருந்தே அறிதல்

பொருளாதாரத் தடை நிலவிய தொண்ணூறுகளில், பற்றறி கிடையாமையால் சைக்கிள் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட வன்னி மாந்தர்க்கு, ஆர்டிஎல்-எஸ்டிஆர் என்னும் விரலளவுக் கருவியைக் கணினியிற் செருகி ஆகாய சமிக்ஞைகளைக் கிரகிக்கும் வித்தை அந்நியமாகத் தோன்றாது. தொலைக்காட்சிக்கென ஆக்கப்பட்ட இக்கருவி பலவகை அலைகளை ஏற்கும் வாங்கியாகப் பயன்படும் என்பது 2012இல் பரவலாக அறியப்பட்டது. மேனாட்டார் பலர் இதனைக் கொண்டு பொலிசாரின் வானொலி உரையாடல்களைத் தேடுவர். நம் இலங்கையிலோ பிறர்க்குரிய செய்தியை இடைமறிப்பது 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின்படி குற்றமாதலின், அந்த வழியில் இறங்காது, யாவரும் அறியும்பொருட்டே விமானங்கள் 1090 மெகாஹேர்ட்ஸில் பரப்பும் நிலையறிக்கையைப் பிடிப்போம். கருவியை வாங்குமுன் அனுமதி பற்றி தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் கேட்டறிதல் உசிதம்.

முதலில் அன்ரெனா. 1090 மெகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் 27.5 சென்ரிமீற்றர், அதில் காற்பங்கான 6.9 சென்ரிமீற்றருக்குச் செப்புக்கம்பியில் ஐந்து துண்டுகள் வெட்டி, ஒன்றைக் கேபிள் பொருந்தும் சொக்கற்றின் நடு ஊசியில் நிமிர்த்திப் பற்றவைத்து, ஏனைய நான்கையும் அதன் உலோக உடலில் இணைத்துக் குடைக்கம்பிபோல் 45 பாகை கீழே சாய்க்க வேண்டும். நடுத்துண்டு உடலைத் தொட்டால் யாவும் வீண்.

உயரத்தில் ஆசை கொண்டு அன்ரெனாவைப் பனையுச்சிக்கு ஏற்றுவோர் உண்டு. ஆயின் டிஷ் கேபிளின் ஒவ்வொரு பத்து மீற்றரிலும் சமிக்ஞையின் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு கரைந்துவிடும். சமதரையான வன்னியில் கூரைக்கு மேல் நிற்கும் குழாயும், அதிலிருந்து இறங்கும் குறுகிய கேபிளும் போதும். இணைப்பில் மழைநீர் புகாதவாறு இறுக நாடா சுற்றுக.

கருவியைச் செருகியபின், விண்டோஸ் கணினியாயின் ‘சாடிக்’ மென்பொருளில் ‘பல்க்-இன், இன்டர்ஃபேஸ் 0’ என்பதைத் தேர்ந்து வின்யூஎஸ்பி டிரைவரை நிறுவுக. இங்கே தவறிப்போய் மவுசைத் தேர்ந்தால் மவுஸே செயலிழக்கும். பின்னர் ‘டம்ப்1090’ மென்பொருளை இயக்கினால் விமானங்களின் எண்களும் உயரங்களும் வரிசையாக வந்து விழும்.

பத்துக் கிலோமீற்றர் உயரத்திற் பறக்கும் விமானம் ஏறத்தாழ நானூறு கிலோமீற்றர் தொலைவிலும் புலப்படக்கூடுமாதலின், கிளிநொச்சியிலிருந்து கொழும்பு வானையும் காணலாம். பலாலியில் இறங்கும் சென்னை விமானம் தாழத் தாழத் திரையில் மறையுமாயின், அது கருவியின் குற்றமன்று. பூமியின் வளைவும் இடைநிற்கும் மரங்களுமே காரணம். ஐப்பசி இடிமுழக்கம் தொடங்குமுன்னரே கேபிளைக் கழற்றி, கணினிக்கு அப்பால் வைத்துவிடுக.