உரோமானிய நாணயத்தை வாசிப்போம்

சங்க கால வணிகம் பற்றிய பாடத்தை நடத்தி முடித்த வாரம், மாணவர் ஒருவர் சிறு செப்புக்காசு ஒன்றைக் கொண்டுவந்தார். விடுமுறையில் கரூரில் அமராவதி ஆற்று மணலில் கிடைத்ததாம். பச்சைக் களிம்புக்கு அடியில் ஒரு தலையும் சில எழுத்துகளும் மங்கலாகத் தெரிந்தன. "புளி போட்டுத் தேய்த்துப் பார்" என்றேன். மறுநாள் காசு பளபளத்தது. தலையும் இல்லை, எழுத்தும் இல்லை. தவறு என்னுடையது. களிம்போடு சேர்ந்து மேற்பரப்பும் போய்விடும் என்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

அதன்பின் இப்பாடத்தை வேறு விதமாக நடத்துகிறேன். முதலில் நம் ரூபாய் நாணயத்தில் ஆண்டுக்குக் கீழே பார்க்கச் சொல்வேன். நட்சத்திரம் இருந்தால் ஐதராபாத், புள்ளி இருந்தால் நொய்டா. குறி எதுவும் இல்லையென்றால் கொல்கத்தா. பிறகு உரோமானிய தினாரியஸ் படத்தைத் தருவேன். ஏ, வி, ஜி என்பது 'அகஸ்டஸ்' என்பதன் சுருக்கம்; இலத்தீன் கல்வெட்டுகளில் 'யூ' ஒலிக்கும் 'வி'தான். டி, ஆர், பி என்ற எழுத்துகளை அடுத்து எண் வந்தால், அது பேரரசர் ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொண்ட ஓர் அதிகாரத்தின் ஆண்டுக் கணக்கு. அதைக் கொண்டே காசு அடிக்கப்பட்ட ஆண்டைக் கண்டுபிடிக்கலாம். எழுத்துக்கூட்டத் தடுமாறும் பிள்ளைகள்கூட இதில் முந்திக்கொள்கிறார்கள்!

கணக்குப் பாடமும் இதில் உண்டு. அகஸ்டஸ் காலத்தில் ஒரு உரோமானிய பவுண்டு வெள்ளியில் 84 தினாரியஸ் அடித்தனர். கி.பி. 64இல் நீரோ அதை 96 ஆக்கினார். வெள்ளியின் தூய்மையையும் குறைத்தார். தமிழகப் புதையல்களில் கிடைத்த வெள்ளிக்காசுகளில் அகஸ்டஸ், டைபீரியஸ் காசுகளே மிகுதி. ஏன் என்று கேட்டால், "எங்க தாத்தா பழைய காசைத்தான் எடுத்து வைப்பார்" என்று ஒரு குழந்தை சொன்னது. நான் எதுவும் சேர்க்கவில்லை.

1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் 501 உரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் பேரரசர் முகத்தின் குறுக்கே உளிவெட்டு உண்டு. தேய்ந்த காசைச் செல்லாததாக்கும் அடையாளம் அது என்பது ஆய்வாளர் சிலரின் கருத்து. தேய்த்துச் 'சுத்தம்' செய்திருந்தால் அந்த வெட்டின் விளிம்பும் மழுங்கியிருக்கும்.

நாணயம் சேர்க்கும் ஆர்வமுள்ள மாணவர்களிடம் இரண்டு செய்திகளைச் சொல்லிவிடுங்கள். கிடைத்த காசைக் கழுவாமல் தாள் உறையில் இட்டு, கிடைத்த இடம், ஆழம், தேதி ஆகியவற்றை உறைமேல் எழுத வேண்டும். மண்ணில் புதைந்து கிடந்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம்.

அந்தச் செப்புக்காசு இப்போதும் என் மேசையில் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் அதைச் சுற்றுக்கு விடுகிறேன். யாருடையது என்று எவராலும் சொல்ல முடிந்ததில்லை.