கல்லின் மினுக்கும் கல்லின் நிறமும்

ஆற்றங்கரைக் கூழாங்கல்லை நீரில் நனைத்துப் பார்த்தார் யாவரும் அறிவர்: நனைந்தபொழுது செம்மையும் பசுமையுமாய்ப் பொலிந்த கல், உலர்ந்ததும் சாம்பல் பூத்தாற்போல் மங்கிவிடுகின்றது. நிறம் எங்கும் போய்விடவில்லை. உலர்ந்த கல்லின் மேற்பரப்பு நுண்ணிய மேடுபள்ளங்கள் நிறைந்ததாகலின், அதன்மேல் விழும் வெள்ளொளியில் ஒரு பகுதி உள்ளே நுழையாமலே நாற்புறமும் சிதறி, உள்ளிருந்து வரும் நிறவொளியோடு கலந்து அதனை வெளுக்கச் செய்கின்றது. நீர் அம்மேடுபள்ளங்களை நிரவுதலின் வெளுப்பு நீங்குகின்றது.

கல்லை அண்மையில் வைத்துப் புகைப்படம் எடுப்பார்க்கு நேரும் இடர் இதுவே. மெருகிட்ட கல்லாயின் விளக்கின் உருவமே அதிற் பளிச்செனத் தோன்றி, அவ்விடத்துள்ள மணிகளை மறைத்துவிடும். நனைத்துப் படம் எடுத்தலும் உண்டு. ஆயினும் நீர் விரைவில் உலரும். உப்பும் களிமண்ணும் செறிந்த கற்களுக்குக் கேடும் செய்யும். நீர் செய்யும் வேலையை ஒளியைக்கொண்டே செய்தற்கு ஒரு வழி உண்டு.

ஒளி, தான் செல்லும் திசைக்குக் குறுக்காக அதிரும் அலையாகும். விளக்கொளியில் அவ்வதிர்வு எல்லாப் பக்கமும் நிகழும். ஒரே தளத்தில் நிகழுமாறு அமைந்ததைத் தளவிளைவுற்ற ஒளி என்பர். 1808-இல் பாரிசு நகரில் மாலுஸ் என்னும் அறிஞர், லக்சம்பர்கு அரண்மனைச் சாளரங்களிற் பட்டுத் திரும்பிய மாலைக் கதிரொளியை ஐஸ்லாந்துப் படிகம் ஒன்றின் வழியே நோக்கினார். படிகத்தைத் திருப்புந்தோறும், அதனூடே தெரிந்த இரு பிம்பங்களும் மாறிமாறி மங்கக் கண்டார். கல்லின் மினுக்கை அகற்றும் வித்தைக்கு முதற் கருவியாய் நின்றதும் ஒரு கல்லே என்பது நினைக்க இனிதன்றோ! இன்று நாம் கையாளும் மெல்லிய தளவிளைவுத் தகடு, 1929-இல் அமெரிக்கராகிய எட்வின் லேண்டு காப்புரிமைக்கு விண்ணப்பித்த முறையினின்று வளர்ந்ததாகும்.

செய்முறை யாதெனின்: விளக்கின் முன் ஒரு தகட்டை வைத்து ஒளியை ஒரு தளத்தில் அடக்குக. காமிரா வில்லையின் முன் மற்றொன்றை வைத்து, முன்னதற்குச் செங்குத்தாகத் திருப்புக. மேற்பரப்பிற் பட்டுத் திரும்பும் மினுக்கொளி தன் தளத்தைப் பெரும்பாலும் மாற்றாது வருதலின் வில்லைத் தகட்டில் தடைப்படும். கல்லினுள் நுழைந்து மணிகளுக்கிடையே பலகால் சிதறி வெளிவரும் ஒளியோ தன் தளத்தை இழந்துவிடும். அதிற் பாதி தகட்டைக் கடந்து படத்தை அமைக்கும். ஆகவே படத்தில் விழுவது கல்லின் உள்ளொளியே.

இரு விளக்குகளை வைப்பின், இரண்டின் தகடுகளும் ஒரே போக்கில் நிற்றல் இன்றியமையாதது. யான் முதன்முறை முயன்றபொழுது ஒரு தகட்டைக் குறுக்கே ஒட்டிவிட்டு, கல்லின் இடப்பாதி தெளிந்தும் வலப்பாதி மினுங்கியும் வரக் கண்டு ஒரு பிற்பகல் முழுதும் வில்லையைப் பழித்துக்கொண்டிருந்தேன். தகட்டின் ஓரத்தில் அம்புக்குறி இட்டுவைத்திருந்தால் அப்பிற்பகல் மிஞ்சியிருக்கும். கல்லின் அருகே பளபளப்பான எஃகுக் குண்டு ஒன்றை வைத்து, அதில் தெரியும் விளக்கின் உருவங்கள் அவியும்வரை வில்லைத் தகட்டைத் திருப்புதல் எளிய சோதனை. கடைகளில் வட்டத் தளவிளைவுத் தகடு என விற்பதும் இதற்குப் போதும். அதன் முன்முகம் கல்லை நோக்குதல் வேண்டும்.

ஒளி மிகக் குறையும். கணக்கின்படி நாலில் ஒரு பங்கு எஞ்சவேண்டும்; தகடுகளும் சிறிது விழுங்குதலால் எட்டில் ஒரு பங்களவே எஞ்சுதலும் உண்டு. ஆதலின் முக்காலி இன்றிக் கையாற் பிடித்தெடுத்தல் அரிது. வெப்பம் மிக்க விளக்கின் அருகே தகடு சுருண்டு கெடும்; எல்.இ.டி. விளக்கே நன்று.

பல்லாவரத்துக் கல்லை எடுத்துக்கொள்வோம். கொல்கத்தாவிலுள்ள ஜாப் சார்னோக்கின் கல்லறைக் கல் இவ்வினத்தது ஆதலின், தாமஸ் ஹாலந்து 1893-இல் இதற்குச் சார்னோக்கைட்டு எனப் பெயரிட்டார். மெருகிட்ட துண்டு வெறுங்கண்ணுக்குக் கரிய கண்ணாடிபோல் தோன்றி, நம் முகத்தையே காட்டும். தகடுகளைக் குறுக்கிட்டதும் முகம் மறைந்து, நீலச்சாயல் கொண்ட குவார்ட்சும் வெளிறிய ஃபெல்சுபாரும் பழுப்பேறிய பைராக்சீனும் தனித்தனியே எல்லை காட்டி நிற்கக் கண்டேன்.

ஆயினும் இம்முறையை எங்கும் கையாளுதல் தவறு. மினுக்கும் கனிமத்தின் இயல்புகளுள் ஒன்று. அதனைக் கொண்டே பல கனிமங்களை இனம் பிரிக்கின்றோம். உலோக மினுக்குடைய பைரைட்டு, குறுக்கிட்ட தகடுகளின் கீழ் ஏறக்குறையக் கரிபோல் தோன்றும். அப்படத்தைக் கண்ட மாணவன் அதனைப் பொன்னிறத்தது என நம்பான். கல்வெட்டுக்கும் இஃது ஆகாது. எழுத்தின் குழிவைக் காட்டுவது பக்கவாட்டில் விழும் ஒளியின் நிழலும் விளிம்பின் மினுக்குமே. மினுக்கை அகற்றின் எழுத்துத் தட்டையாகிவிடும். ஆதலின் ஒரு கல்லுக்கு இரு படங்கள் எடுப்பதே என் வழக்கம்.

தெளிந்த படிகங்கள் சில, கால்சைட்டு போல்வன, இத்தகடுகளுக்கிடையே தமக்கில்லாத நிறங்களையும் காட்டுவதுண்டு. ஐயம் எழுந்தால் வில்லைத் தகட்டைக் கழற்றிப் பார்க்க. நிறம் மறைந்தால் அது கல்லினது அன்று, தகடுகள் விளைத்ததே.