ஹெப்பா ஃபில்டர் எதைத் தடுக்கும்?

கேள்வி: என் குழந்தைக்கு வீசிங் தொல்லை. ஏர் பியூரிஃபையர் வாங்கலாமா? எதைப் பார்த்து வாங்குவது?
– வாசகி, மணலி புதுநகர்

பதில்: வாங்கலாம், ஆனால் டாக்டர் தந்த மருந்தை நிறுத்தாதீர்கள். எச்13 தர ஹெப்பா ஃபில்டர், பிடிக்க மிகக் கடினமான நுண்துகளிலும் 99.95 சதவீதத்தைத் தடுக்கும். ‘ஹெப்பா டைப்’ என்று மட்டும் போட்டிருந்தால் வேண்டாம். 10-க்கு 12 அடி அறைக்கு, மணிக்கு 170 கன மீட்டர் சுத்தக் காற்று தரும் மெஷின் போதும். அறைக் காற்று மணிக்கு 5 முறை வடிகட்டப்படும்.

முன்வலையில் சேரும் தூசியை அடிக்கடி தட்டுங்கள். ஹெப்பாவைக் கழுவினால் இழை கெடும்; மாற்றத்தான் வேண்டும்.

ஹெப்பா துகளைத்தான் பிடிக்கும், வாயுவை அல்ல. 2023 டிசம்பரில் எண்ணூர் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்ததே, அப்படி ஒரு நேரத்தில் மெஷினை நம்பி உட்காராதீர்கள். ஈரத்துணியால் மூக்கை மூடி, குழந்தையோடு உடனே அங்கிருந்து விலகிவிடுங்கள்.