இணையத்தளத்தில் ஊடாடும் தேசப்படமும் இட அமைவு வசதியும்

தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் – வலைத்தள விருத்தி

மாணவர்களே, ஒரு வைத்தியசாலையின் இணையத்தளத்தில் முகவரி மட்டும் இருந்தால், ஊருக்குப் புதியவர் வழியில் நாலு பேரிடம் விசாரித்துச் செல்வார். அதே பக்கத்தில் தேசப்படம் இருந்தால் எவரையும் விசாரியாமல் அது காட்டும் இடத்துக்கே நேராகச் செல்வார். ஆகவே பிழையான தேசப்படம், தேசப்படம் இல்லாமையிலும் பார்க்கத் தீங்கானது. இப்பாடத்தில் தேசப்படத்தைச் சேர்க்கும் முறைகளுடன், அது சரியான இடத்தைக் காட்டுகின்றதா எனச் சரிபார்க்கும் விதத்தையும் நோக்குவோம்.

1. ஊடாடும் தேசப்படம் என்றால் என்ன?

வலைப்பக்கத்தில் சாதாரண படமாக இடப்படும் தேசப்படம் நிலையானது. பயனர் இழுத்து நகர்த்தவும், பெருப்பிக்கவும், குறியொன்றைச் சொடுக்கி விபரம் பெறவும் இடமளிப்பது ஊடாடும் தேசப்படமாகும். 2005 இல் அறிமுகமான கூகுள் மெப்ஸ் இம்முறையைப் பரவலாக்கியது. 2004 இல் பிரித்தானியாவில் ஆரம்பிக்கப்பட்ட ஓபன் ஸ்ரீற் மெப், தொண்டர்கள் சேர்ந்து உருவாக்கும் திறந்த தேசப்படத் தரவாகும்.

உலகத் தேசப்படம் முழுவதையும் ஒரே தடவையில் அனுப்புவது சாத்தியமன்று. எனவே அது சதுர ஓடுகளாகப் பிரிக்கப்படுகின்றது. ஓர் ஓடு பொதுவாக 256 × 256 பிக்சல் அளவுடையது. உருப்பெருக்க மட்டம் 0 இல் உலகம் முழுவதும் ஓர் ஓட்டில் அடங்கும். மட்டம் ஒன்றினால் கூடும்போது ஒவ்வோர் ஓடும் நான்காகும்.

மட்டம் 0 – 1 ஓடு
மட்டம் 1 – 4 ஓடுகள்
மட்டம் 2 – 16 ஓடுகள்
மட்டம் 10 – 4 இன் 10 ஆம் வலு, அதாவது 10,48,576 ஓடுகள்

திரையில் தெரியும் பகுதிக்குரிய ஓடுகளை மட்டுமே உலாவி சேவையகத்திடம் கோருகின்றது. படத்தை விரைவாக நகர்த்தும்போது சில சதுரங்கள் சிறிது நேரம் வெறுமையாகத் தோன்றுவதன் காரணம் இதுவே.

2. ஆள்கூறுகள்

தேசப்படத்தில் ஓரிடத்தைக் குறிக்க அகலாங்கு, நெட்டாங்கு ஆகிய இரு எண்கள் தேவை. இவை தசம வடிவில் வழங்கப்படும். தென் அகலாங்கும் மேற்கு நெட்டாங்கும் மறைப் பெறுமானம் பெறும். இலங்கைக்கு இரண்டும் நேர்ப் பெறுமானங்களாகும்.

உதாரணம்: யாழ்ப்பாணம் பொது நூலகத்தின் அண்ணளவான அமைவு வடக்கு 9 பாகை 39 கலை 36 விகலை, கிழக்கு 80 பாகை 0 கலை 36 விகலை எனக் கொள்க. இதனைத் தசம வடிவில் தருக.

அகலாங்கு = 9 + 39/60 + 36/3600 = 9 + 0.65 + 0.01 = 9.66
நெட்டாங்கு = 80 + 0/60 + 36/3600 = 80 + 0 + 0.01 = 80.01

இங்கு மாணவர்கள் விடும் பிழைகள் இரண்டு.

(அ) வரிசை மாறுதல். 9.66, 80.01 என்பதை 80.01, 9.66 என இட்டால் குறியானது நோர்வேக்குரிய ஸ்வால்பாட் தீவுகளுக்கு அண்மையில் ஆட்டிக் சமுத்திரத்தில் விழும். சில மென்பொருள்கள் அகலாங்கையும் வேறு சில நெட்டாங்கையும் முதலில் கேட்பதால் வரிசையை எப்போதும் சரிபார்க்க.

(ஆ) தசமதானங்கள் போதாமை. அகலாங்கில் 1 பாகை ஏறத்தாழ 111 கிலோமீற்றர். ஆகவே 0.01 பாகை ஏறத்தாழ 1.1 கிலோமீற்றர், 0.0001 பாகை ஏறத்தாழ 11 மீற்றர். நகரொன்றைக் காட்ட இரண்டு தசமதானங்கள் போதும். கட்டடத்தின் வாயிலைக் காட்டக் குறைந்தது நான்கு தேவை. மேலே பெற்ற விடையை அப்படியே நூலகத்தின் இணையத்தளத்தில் இடலாகாது என்பதை மனங்கொள்க.

3. தேசப்படத்தைச் சேர்க்கும் முறைகள்

• இணைப்பு முறை: சிறிய படமொன்றை இட்டு, தேசப்படச் சேவைக்கு மீயிணைப்பு வழங்குதல். இலகுவானது, வேகம் குறைந்த இணைய இணைப்புக்கு உகந்தது.
• உட்பொதித்தல்: தேசப்படச் சேவை தரும் ஐஃபிரேம் குறிமுறையைப் பிரதிசெய்து எச்.ரீ.எம்.எல். பக்கத்தில் ஒட்டுதல். அகலம், உயரம் ஆகியவற்றை மாற்றலாம்.
• நிரலாக்க முறை: 2011 இல் வெளியான லீஃப்லெற் போன்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தைப் பயன்படுத்தல். மைய ஆள்கூறு, உருப்பெருக்க மட்டம், ஓடுகளின் மூலம், குறிகள் ஆகியவற்றை நாமே வரையறுக்கலாம்.

ஓபன் ஸ்ரீற் மெப் தரவைப் பயன்படுத்துவோர் அதன் பங்களிப்பாளர்களின் பெயர்க்குறிப்பைப் படத்தில் காட்டுதல் கட்டாயம்.

4. பயனரின் இட அமைவைப் பெறல்

"எனக்கு அண்மையில் உள்ளவை" போன்ற வசதிக்குப் பயனர் நிற்கும் இடம் தெரிய வேண்டும். படிமுறை வருமாறு:

1. வலைப்பக்கம் உலாவியிடம் இட அமைவைக் கோரும்.
2. உலாவி பயனரிடம் அனுமதி கேட்கும்.
3. அனுமதித்தால் அகலாங்கு, நெட்டாங்கு, திருத்தத்தின் அளவு (மீற்றரில்) ஆகியன கிடைக்கும்.
4. மறுத்தால் வழுச் செய்தி கிடைக்கும். அப்போதும் பக்கம் இயங்க வேண்டும். உதாரணமாக, ஊரின் பெயரைத் தட்டச்சுச் செய்ய ஒரு பெட்டி வழங்கலாம்.

கைத்தொலைபேசி ஜி.பி.எஸ். செய்மதிகளின் சமிக்ஞை மூலம் இடத்தைக் கணிக்கும். இதற்குக் குறைந்தது 4 செய்மதிகள் தேவை. ஜி.பி.எஸ். இல்லாத கணினி, அருகிலுள்ள வைஃபை அல்லது இணைய முகவரியைக் கொண்டு ஊகிப்பதால் பல கிலோமீற்றர் பிழைக்கலாம்.

ஒருவர் நிற்கும் இடம் அவரது அந்தரங்கத் தகவலாகும். பாடசாலை இணையத்தளத்தில் பாடசாலையைக் குறியிடுங்கள். மாணவர்களின் வீடுகளைக் குறியிடாதீர்கள். வீடு, பெயர், வீடு திரும்பும் நேரம் ஆகிய மூன்றும் ஒன்றுசேர்ந்தால், அறியாத ஒருவருக்கு வழிகாட்டியது போலாகும்.

பயிற்சி வினாக்கள்

1. உருப்பெருக்க மட்டம் 3 இல் உள்ள மொத்த ஓடுகள் எத்தனை?
(1) 12 (2) 16 (3) 64 (4) 256

2. தேசப்படம் 1024 × 768 பிக்சல் பரப்பை ஓட்டு எல்லைகளுடன் சரியாகப் பொருந்தி நிரப்பின், தேவையான ஓடுகள் எத்தனை?

3. பாடசாலையைக் குறிக்கும் குறி ஆட்டிக் சமுத்திரத்தில் தோன்றுகின்றது. காரணத்தையும் திருத்தும் முறையையும் எழுதுக.

4. இட அமைவைப் பெற முன்னர் உலாவி அனுமதி கேட்பது ஏன்?

விடைகள்

1. (3). 4 × 4 × 4 = 64.
2. 1024/256 = 4; 768/256 = 3; 4 × 3 = 12 ஓடுகள்.
3. அகலாங்கும் நெட்டாங்கும் இடம் மாறியுள்ளன. மென்பொருள் கேட்கும் வரிசையில் மீண்டும் இட்டு, படத்தைத் திறந்து சரிபார்த்தல் வேண்டும்.
4. இட அமைவு அந்தரங்கத் தகவலாதலால், அதனை வெளியிடுவதா என்பதைத் தீர்மானிக்கும் உரிமை பயனருக்கே உரியது.