எழுவாய் எங்கே, டீச்சர்?

“ஒவ்வொரு வாக்கியத்திலும் எழுவாய் இருக்கும்” என்று ஐந்தாம் வகுப்பில் பலமுறை சொல்லியிருந்தேன். ‘ஓபன் தி டோர்’ என்று கரும்பலகையில் எழுதிய அன்று ஒரு மாணவி கேட்டாள்: “இதுல எழுவாய் எங்கே, டீச்சர்?”

வினைச்சொல்லில் தொடங்கினால் கட்டளை வாக்கியம் என்ற குறுக்குவழியை மட்டுமே அதுவரை கற்பித்திருந்தேன். அவள் கேள்விக்கு அதில் விடையில்லை. விடை தமிழ்ப் பாடத்தில் இருந்தது. “‘கதவைத் திற’ன்னு தம்பிகிட்ட சொன்னா, யார் திறக்கணும்?” என்றேன். “தம்பிதான். ‘நீ’ திறன்னு அர்த்தம்” என்றாள். அந்த ‘நீ’ தோன்றா எழுவாய். ஆங்கிலத்திலும் ‘யூ’ அவ்வாறே மறைந்து நிற்கிறது என்றதும் வகுப்புக்கே விளங்கியது.

அடுத்த குழப்பம் பெயரால் வந்தது. ‘ராணி க்ளோசஸ் தி விண்டோ’ என்பது செய்தி, ராணி எழுவாய். ‘ராணி, க்ளோஸ் தி விண்டோ’ என்பது கட்டளை. ராணி என்பது விளி. காற்புள்ளியையும் வினைச்சொல்லின் வடிவத்தையும் ஒப்பிடச் செய்தேன்.

மரியாதையையும் தனியே கற்பிக்க வேண்டும். தமிழில் ‘வா’, ‘வாருங்கள்’ என வினைச்சொல்லே மரியாதையைக் காட்டிவிடும். ஆங்கிலத்தில் சிறியவருக்கும் பெரியவருக்கும் ‘கம்’ ஒன்றுதான். ‘ப்ளீஸ்’ சேர்க்கவும் குரலைத் தணிக்கவும் பழக்காவிட்டால், பெரியவரிடம் ‘கம் ஹியர்’ என்று சொல்லும் குழந்தை தன்னை அறியாமலே திட்டு வாங்கும். பிறகு ஆங்கிலம் பேசவே தயங்கும்.

பயிற்சிக்கு விளையாட்டே போதும். கேட்ட கட்டளையை உடலசைவால் செய்துகாட்டிக் கற்கும் முறையை அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் உருவாக்கினார். அதையொட்டி, ‘ஸ்டாண்ட் அப்’, ‘டச் யுவர் நோஸ்’ என்று சொல்வேன். ‘ப்ளீஸ்’ சேர்த்தால் மட்டுமே செய்ய வேண்டும். ‘நோ ரன்’ என்பவர்களுக்கு ‘டோன்ட் ரன்’ என்பதும், ‘கொயட்’ என்று மட்டும் சொல்பவர்களுக்கு ‘பி கொயட்’ என்பதும் இதிலேயே பழகிவிடும். பிறகு மாணவர்கள் முறைவைத்துக் கட்டளையிடுவார்கள்.

கேள்வி கேட்ட மாணவியின் முறை வந்தது. “ப்ளீஸ் சிட் டவுன், டீச்சர்” என்றாள். உட்கார்ந்தேன். “இதுல எழுவாய் எது?” என்று வகுப்பைக் கேட்டேன். “டீச்சர்” என்றனர் சிலர். “இல்லை, ‘யூ’. டீச்சர்ங்கறது விளி” என்று அவளே திருத்தினாள்.

மறுநாள் மதிய உணவு வரிசைக்கு அறிவிப்பு அட்டைகள் எழுதினர்: ‘வாஷ் யுவர் ஹேண்ட்ஸ்’, ‘ப்ளீஸ் டோன்ட் வேஸ்ட் ஃபுட்’. தனியாகத் தேர்வு வைக்கத் தேவைப்படவில்லை.